வடம் பிடித்த கை

ஐம்பத்து மூன்றாவது வயதில் என் மகளிடமே மாணவியாகச் சேர்ந்தேன். அவளைப் பார்க்க வேறு வழி இல்லாததால் சேர்ந்தேன். மற்றபடி கடல்மீதோ பட்டத்தின்மீதோ எனக்கு ஒரு ஆசையும் கிடையாது.

மண்டபத்துக்குப் பக்கத்தில், கடல் உள்வாங்கிக் குளம்போல நிற்கும் ஒரு கரையில் அவளும் அவள் கணவரும் கைட்போர்டிங் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு அறை அகலத்துக்குப் பெரிய பட்டம். அதன் கயிறுகள் இடுப்புப் பட்டையில் வந்து சேரும். காலில் ஒரு பலகை. காற்று பட்டத்தை இழுக்க, பட்டம் ஆளை இழுக்க, ஆள் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போவார். இன்ஜினியரிங் முடித்து வேலையில் இருந்தவள், ஆபீஸ் தோழிகளோடு இரண்டு நாள் அங்கே போனாள். திரும்பி வந்தவள் பழைய ஆள் இல்லை. அந்தக் கரையில் பிறந்து வளர்ந்த பையனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்றாள். வேறு ஊர், வேறு மதம். நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். முடியாது என்றேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள் நான்.

மூன்று வருஷத்துக்கு முன், சித்திரைத் தேரன்று காலையில் அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு பை கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவள் பார்க்கவே பையை எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டு, "வா, வடம் பிடிக்கப் போகலாம்" என்றேன். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்கள் தேரன்று வடத்தைத் தொடாமல் இருக்க மாட்டார்கள். அவளும் வந்தாள். வாசல்படியில் அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு கையில் தேர்வடம், இன்னொரு கையில் மகள். நான்கு சித்திரை வீதியும் அப்படியே சுற்றினேன். கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிடக் கூடாதே என்று பிடித்திருப்பதாகத்தான் பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். நடுவில் அவளுடைய கண்ணாடி வளையல்கள் உடைந்து அவள் மணிக்கட்டில் குத்தின. என் விரலெல்லாம் ரத்தம் பிசுபிசுத்தது. நான் பிடியைத் தளர்த்தவில்லை. அவளும் அழவில்லை.

தேர் நிலைக்கு வந்தது. "ரங்கா ரங்கா" என்று ஊரே கை தூக்கியது. கும்பிட இரண்டு கையும் வேண்டுமே. அவளை விட்டேன், கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் அவள் இல்லை. பூட்டி வைத்த பை பீரோவிலேயே கிடக்க, கட்டிய துணியோடு போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் அப்பா மட்டும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று போனில் பேசுவார். கீழே நான் துணி மடிப்பதுபோல நின்று காதைத் தீட்டி வைத்துக்கொள்வேன். அவர் பேசுவது கேட்கும், அவள் பேசுவது கேட்காது. இந்த வருஷத் தேரன்று வடத்தைத் தொட்டேன். இழுக்கக் கை வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவரிடம், "எனக்கு அவளைப் பார்க்கணும்" என்றேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அவள் சொன்னதை ஒரு எழுத்து குறைக்காமல் சொன்னார். "சும்மா வந்து அழுதுட்டு, கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகலாம்னா வர வேணாம். கத்துக்க வராங்கன்னா வரச் சொல்லுங்க. மூணு நாள் கிளாஸ். யார் வந்தாலும் சொல்லிக்கொடுப்பேன்."

"கத்துக்கறேன்னு சொல்லுங்க" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். அவரையும் கூட வரச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். "நான் வந்தா நீ என் பின்னாடி ஒளிஞ்சுப்ப. நீ மட்டும் போயிட்டு வா."

கோடை விடுமுறையில் போனேன். ராமநாதபுரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வழியெல்லாம் ஒரே கேள்வியைத்தான் மனதுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன்: வீட்டுக்கு எப்ப வருவ? அதைக் கேட்கத்தான் போனேன். அவள் வருகிறேன் என்று சொல்லிவிட்டால் போதும், இந்தப் பட்டம் பலகை எல்லாம் எக்கேடோ கெடட்டும்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தவர் மருமகன்தான். அந்த வார்த்தையை இப்போதுதான் எழுதப் பழகுகிறேன். "வாங்க, அத்தை" என்று பையை வாங்கிக்கொண்டார். கரையில் அவர்கள் பாடம் நடத்தும் கொட்டகை வாசலில் என் மகள் நின்றாள். வெயிலில் கறுத்து, தோள் அகன்று, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்திருந்தேன்.

"வாங்க. நீச்சல் தெரியுமா?" என்றாள். புதிதாக வருகிற எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. பதில் அவளுக்குத் தெரியும். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவில் பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் நனையாதவள் நான்.

"தெரியாது."

"பரவாயில்ல. இங்க இடுப்பளவுதான் ஆழம். லைஃப் ஜாக்கெட் இருக்கு." தன்னுடைய பழைய முழுக்கை உடையை என் கையில் கொடுத்தாள். சேலையை அவிழ்த்துவிட்டு அந்த இறுக்கமான உடையில் வெளியே வர எனக்குக் கால் மணி நேரம் ஆனது. உடம்பால் அல்ல, வெட்கத்தால்.

முதல் நாள் கரையிலேயே பாடம். சின்னப் பட்டம் ஒன்றைக் கொடுத்துப் பறக்கவிடச் சொன்னாள். வானத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ள வேண்டும். நேர் உச்சி பன்னிரண்டு மணி. அங்கே பட்டம் சும்மா நிற்கும். ஒன்று, இரண்டு என்று இறக்கினால் இழுக்கும். கணக்கு டீச்சருக்கு இது பிடிக்காமல் இருக்குமா? புரிந்துவிட்டது என்றேன். புரிந்தது மூளைக்கு மட்டும்தான். கை நினைத்தபடியெல்லாம் ஆட்டியது, பட்டம் பதினெட்டு தடவை மண்ணில் குத்தியது. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் நடந்து போய் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவ" என்றாள். ஒரு முறைகூடக் குரல் உயரவில்லை. இதே பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை என்று நான் சாக்பீஸை விட்டெறிந்தது நினைவுக்கு வந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

இடுப்புப் பட்டையை இறுக்கிவிட அவள் குனிந்தபோது வலது மணிக்கட்டைப் பார்த்தேன். கறுத்த தோலில் வெள்ளையாக ஒரு கோடு. அது எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

இரண்டாம் நாள் பெரிய பட்டத்தோடு தண்ணீரில் இறங்கினோம். இடுப்புப் பட்டையின் முன்னால் ஒரு கொக்கி. பட்டத்தின் கயிறுகள் அதில்தான் மாட்டியிருக்கும். கையில் பிடிக்க ஒரு கம்பி, அதைப் பார் என்கிறார்கள். பாரை நம் பக்கம் இழுத்தால் பட்டத்துக்கு வேகம் கூடும். "பயம் வந்தா இழுக்காதீங்க. கைய விட்டுடுங்க" என்று ஐந்தாறு தடவை சொன்னாள். "விட்டா பட்டம் ஓடிடாது. இடுப்புல மாட்டியிருக்கு. காத்த விட்டுட்டுத் தளந்து நிக்கும், அவ்வளவுதான்." பட்டையின் முதுகுப் பக்கம் ஒரு பிடி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். மூன்று வருஷம் கழித்து அவள் கை என் முதுகுக்குப் பக்கத்தில் இருந்தது. பாடத்தில் பாதி என் காதில் விழவில்லை.

திடீரென்று காற்று ஒன்று அடித்தது. பட்டம் உச்சியிலிருந்து சரிந்து இரண்டு மணிக்குப் பாய்ந்தது. "கைய விடுங்க!" என்று கத்தினாள். நான் பாரை இரண்டு கையாலும் நெஞ்சோடு இழுத்து, குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பின் பாரத்தை எல்லாம் பின்னால் சாய்த்தேன். தேர் உலுக்கி நகரும்போது எங்கள் ஊரில் யாரும் அதைத்தான் செய்வார்கள். வடம் திமிறினால் இன்னும் இறுக்கிப் பிடி, இன்னும் சாய். என் உடம்புக்குத் தெரிந்த ஒரே இழுப்பு அதுதான்.

இழுக்க இழுக்கப் பட்டத்துக்கு வெறி ஏறியது. குதிகால் பிடுங்கிக்கொள்ள, முகம் தண்ணீரில் அறைந்தது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. "விடுங்க! விடுங்க!" என்று முதுகுக்குப் பின்னால் அவள் குரல். நானும் பாரை விடவில்லை, அவளும் என்னை விடவில்லை. இருவரையுமே அது தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் அவள் என்னைச் சுற்றிக் கையை நீட்டி, கொக்கிமேல் இருந்த, பட்டத்தைக் கழற்றிவிடும் சிவப்புப் பிடியைத் தள்ளினாள். பட்டம் துவண்டு தண்ணீரில் விழுந்தது.

எழுந்து பார்த்தால் அவள் முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. அடியில் கிடந்த கிளிஞ்சல் அறுத்திருக்கிறது.

"உங்களுக்கு எதையுமே விடத் தெரியாதா?" என்றாள். மூன்று வருஷக் கோபமும் அதில் இருந்தது. அவள் கணவர் மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டுக் குனிந்து காயத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"வடம் பிடிச்ச கை" என்றேன். "அப்படித்தான் பழகியிருக்கு."

அவள் கடல் பக்கம் திரும்பினாள். பிறகு, "தெரியும். நானும் அந்த ஊர்தானே. எனக்கும் அத மறக்க ஒரு மாசம் ஆச்சு. மொத வாரமே பல்லு ஒண்ணு உடைஞ்சுது" என்றாள். உதட்டை விலக்கி அந்தப் பாதிப் பல்லைக் காட்டினாள். பல் உடைந்த சேதிகூட எனக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. அவள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். நான் வருத்தப்படுவேன் என்று மறைத்திருப்பார்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பெற்றோர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். மூன்றாம் நாள் காலையில் கரையில் தனியாக நின்றுகொண்டு, வெறும் கையை மூடி மூடித் திறந்து பழகினேன். போகிறவர்கள் பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

அன்று பலகையைக் காலில் மாட்டித் தண்ணீரில் உட்கார வைத்தாள். முதல் மூன்று தடவை குப்புற விழுந்தேன். நான்காம் தடவை பட்டத்தை மெதுவாக இறக்கினேன். உடம்பு தண்ணீரைவிட்டு எழுந்தது. நின்றேன். இரண்டு மூச்சு விடும் நேரம் இருக்கும், காவிரிக்குப் பயந்த நான் கடல்மேல் போனேன். உடனே காற்று ஒரு வெட்டு வெட்டியது. பட்டம் சரிந்தது. கை இறுகியது, அதை நான் பார்த்தேன். பத்து விரலையும் விரித்தேன். பார் எட்டப் போனது. பட்டம் படபடத்துத் தளர்ந்து தண்ணீரில் அமர்ந்தது. நானும் பொத்தென்று இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தேன். வேறு ஒன்றும் ஆகவில்லை. பட்டம் எங்கும் போகவில்லை. திரும்பிப் பார்த்தபோதுதான் என் முதுகுப் பிடியில் அவள் கை இல்லை என்பது தெரிந்தது. பத்தடி தள்ளி நின்றிருந்தாள்.

கயிறு சிக்கலாகியிருந்தது. இருவரும் தண்ணீரில் நின்றபடி அதைப் பிரித்தோம். குனிந்த தலை நிமிராமல் சொன்னேன்: "அன்னிக்குத் தேர்ல உன் கையப் பிடிச்சது தப்பு. ரத்தம் வந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விடல."

 அவள் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கடல் தண்ணீராகவும் இருக்கலாம். "கயிற எட்டு மாதிரி சுத்தணும். இப்படி" என்று காட்டிக்கொடுத்தாள். நான் சுற்றினேன்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட அவளே வந்தாள். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். திருச்சியிலிருந்து சுமந்து வந்த கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் அதுவும் ஒரு பிடிதான். "முழங்காலுக்கு மருந்து போடு" என்றேன். "அப்பாவ மாத்திரை ஒழுங்காப் போடச் சொல்லுங்க" என்றாள். டிரைவர் ஏறி உட்கார்ந்தார், வண்டி உறுமியது. கையை ஆட்டலாம் என்று ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தழும்பு இருக்கும் கையால், நன்றாக இறுக்கி. பஸ் நகரத் தொடங்கியது. அவளும் கூடவே நடந்தாள், பிறகு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"விடும்மா, பஸ் கிளம்பிடுச்சு" என்றேன்.

அவள் விடவில்லை. "யாருங்க அது, கைய எடுங்க!" என்று கண்டக்டர் கத்தினார், விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. கட்டுப்போட்ட முழங்காலோடு அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். நான் என் கையை இழுக்கவில்லை.

"பீரோவுல பூட்டின பை இன்னும் அங்கதான் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"இருக்கு. பிரிக்கவே இல்ல."

"இருக்கட்டும். வந்து நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, விரல்களைத் திறந்தாள்.