சுத்தம் செய்த கோடு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எப்போதும் அழுகிய மீன் வாடை அடிக்கும். பிளாஸ்டிக் பொடியைக் கரைப்பதற்கு நாங்கள் ஊற்றும் திரவத்தின் வாடை அது. கையுறை போட்டாலும் விரலில் ஏறிவிடும். பருத்திப்பட்டு ஊரில் இருக்கும் வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும், சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது குப்பென்று முகத்தில் அடிக்கும். அங்கே வேலை செய்த நான்கு வருடமும் நான் ஸ்பூனால்தான் சாப்பிட்டேன். என் கணவர் இங்கிலீஷ்காரி என்று கேலி செய்வார். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

பூந்தமல்லியைத் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அங்கே முனைவர் பட்டத்துக்காக நானோ இழை நூற்றுக்கொண்டிருந்தேன். கரைசலை ஊசிக்குழலில் நிரப்பி, ஊசிமுனைக்கு ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் கொடுத்தால், அது கண்ணுக்கே தெரியாத இழையாகப் பறந்துபோய் எதிரே இருக்கும் அலுமினியத் தாளில் படியும். சில மணி நேரத்தில் பாலாடை போல வெள்ளையாகப் படிந்திருக்கும். கேட்பதற்கு அழகாக இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால், ஊசிமுனையில் சளி மாதிரி ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறினால் இழை வராது, அந்தச் சளிதான் சொட்டுச் சொட்டாகத் தாளில் விழும். அதை வழித்தெடுப்பதுதான் என் ஆராய்ச்சியில் பாதி.

அந்த வெள்ளைப் படலத்தை அழுத்தினால் துளி மின்சாரம் பிறக்கும். அதில் ஐந்து துண்டு வெட்டி, பாத வடிவத்தில் வெட்டிய துணி அட்டையில் ஒட்டி, ஷூவுக்குள் போட்டுவிட்டால், உள்ளங்காலில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று கணினியில் ஐந்து கோடுகளாகத் தெரியும். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களுக்காகச் செய்தது. அவர்களுக்கு ஆணி குத்தினாலும் தெரியாது. அவர்களுக்குப் பதிலாக இந்த அட்டை உணர்ந்து சொல்லும். திட்டம் நல்ல திட்டம்தான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

போட்டு நடந்து பார்க்க ஒரு கால் வேண்டியிருந்தது. வெளியே நோயாளியைத் தேடினால் கமிட்டி, அனுமதி என்று இழுத்தடிக்கும் என்பதால், என் வழிகாட்டியான பேராசிரியர் எங்கள் கூடத்து உதவியாளரையே பிடித்தார். "நம்ம ஆள்தானே" என்றார். உதவியாளர் வேப்பம்பட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக மாறி வருகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். பெருக்குவது, துடைப்பது, என் சளிபிடித்த குடுவைகளைக் கழுவுவது எல்லாம் அவர்தான். அண்ணே என்று கூப்பிடுவேன். அவருக்கு இரண்டு பாதமும் மரத்துப் பல காலம் ஆகியிருந்தது. தினமும் சாயங்காலம் அவர் மனைவி டார்ச் அடித்து, காயம் இருக்கிறதா என்று உள்ளங்காலைப் பார்ப்பாராம்.

"இனிமே அந்தப் பேஜாரு இல்ல மேடம். மிஷினே பாத்துக்கும்னு ஊட்ல சொல்ட்டேன்," என்றார் ஷூவை மாட்டிக்கொண்டே. "என் காலு கம்ப்யூட்டர்ல கீதுன்னா நம்ப மாட்டேங்குது."

டார்ச்சை நிறுத்த வேண்டாம் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெருமையாக இருந்தது, சிரித்துக்கொண்டு நின்றேன்.

அட்டையையும் ஒயரையும் இணைக்க, ஜாக்கெட்டில் தைக்கிற பிரஸ் பட்டன்தான் சரியாக வந்தது. கரையான்சாவடியில் ஒரு ஃபேன்சி கடையில் வாங்கி நானே தைத்தேன். எனக்குத் தையல் சுட்டுப் போட்டாலும் வராது. அந்த ஷூவும் கறுப்பு சாக்ஸும் கூடத்து அலமாரியிலேயே இருக்கும். காலையில் வந்து மாட்டுவார், மாலையில் கழற்றி வைத்துவிட்டுச் செருப்போடு போவார். கணுக்காலில் கட்டிய சின்னப் பெட்டியிலிருந்து அன்றைய கோடுகளை நான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை ஐந்தாவது கோடு செத்துப்போனது. நாலாவது கோட்டுக்குப் பேய் பிடித்தது. அவர் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் மற்ற மூன்றும் மேடு மேடாக ஏறி இறங்க, கட்டைவிரலுக்குக் கீழே இருந்த அந்த நாலாவது மட்டும் முள் முள்ளாகக் குத்திட்டு நின்றது. புதன்கிழமையும் அப்படியே.

சார் வந்து பார்த்தார். கையில் மெதுவடை. எண்ணெய் விரலைத் திரையில் வைத்தே தேய்த்தார். அந்தக் கறையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

"ஒயர் லூசா இருக்கும்மா. அஞ்சாவதைத் தூக்கிடு. நாலாவதைச் சுத்தம் பண்ணு. வெள்ளிக்கிழமை கட்டுரை அனுப்பணும்."

சுத்தம். எங்கள் தொழிலில் எல்லோரும் வாய் கூசாமல் சொல்லும் வார்த்தை. நமக்குப் பிடிக்காததை அழித்துவிட்டு, இருக்க வேண்டும் என்று நாம் நினைப்பதை அங்கே வைப்பதற்குப் பெயர் சுத்தம். ஷூவைக் கழற்றி உள்ளே பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. பார்த்தால் பிரிக்க வேண்டும், மறுபடி தைக்க வேண்டும், எல்லாப் பதிவையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். பார்க்கவில்லை. அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கி எறிந்தேன். அந்த இடங்களில் முந்தின வாரத்து மேடுகளை வெட்டி ஒட்டினேன். கோடு அத்தனை அழகாக வந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதும்போது என்மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் கூடத்தில் வாடை மாறியது. மீன் வாடைக்கு மேலே வேறொன்று. இனிப்பும் அழுகலும் கலந்து, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற நாற்றம். புட்டி ஏதோ ஒழுகுகிறது என்று எல்லா மூடியையும் இறுக்கினேன். பிறகு அலமாரிக்குப் பின்னால் எலி செத்திருக்கும் என்று முடிவு கட்டினேன்.

"அண்ணே, நாத்தம் குடலைப் புடுங்குது. ஒழுங்கா துடைக்கக் கூடாதா?"

"எனக்கு ஒண்ணியும் தெர்லியே மேடம். ஊட்லயும் இத்தயே கேக்குது. காலேஜ் மருந்து வாடைன்னு சொன்னேன்."

அலமாரியை நகர்த்தினார். ஃபினாயில் ஊற்றித் துடைத்தார். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அங்கே, இங்கே என்று விரலைக் காட்டினேன். அவர் எங்கே துடைத்தாரோ அங்கே நாற்றம் கூடியது. இன்னொரு தடவை துடைக்கச் சொன்னேன். மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது.

மூன்றாவது நாள் சாயங்காலம் ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் வரவில்லை. காலோடு ஒட்டியிருந்தது. பலமாக இழுத்தார், வலியில்லாமல்தான் இழுத்தார். சாக்ஸோடு வந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. ஷூவுக்குள் பார்த்தேன். ஐந்தாவது சென்சாரின் பிரஸ் பட்டன் என் தையலிலிருந்து விட்டு, ஒரே நூலில் தொங்கி, நாலாவது சென்சாரின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அதைத்தான் அவர் ஒரு வாரத்துக்கும் மேலாக மிதித்து நடந்திருக்கிறார்.

ஓடிப்போனேன், கழுவும் தொட்டிவரை எட்டவில்லை, தரையிலேயே வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தால், அவர் ஒரு காலில் மட்டும் ஷூவோடு, துடைப்பானை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறார்.

"நீ குந்து மேடம். நான் தொடச்சிடறேன்."

அரசு ஆஸ்பத்திரியில் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். சார், "சுகர் பேஷன்ட், என்னைக்காவது நடக்கிறதுதான்," என்றார். கட்டுரை ஏற்கப்பட்டது. நான் சுத்தம் செய்த கோட்டைச் சார் பெரிதாக அச்சடித்து, துறை வாசலில் மாட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். ஒரு வாரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை.

வார்டுக்குப் போனேன். புண் ஆறாததால் அண்ணன் இன்னும் அங்கேயே படுத்திருந்தார், அவர் மனைவி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அழிக்காத பழைய பதிவு என் போனில் இருந்தது. திறந்து அண்ணன் கையில் கொடுத்தேன்.

"மெஷின் அப்பவே சொல்லிச்சுண்ணே. நான்தான் அழிச்சேன்."

அவர் அந்த முட்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நம்ம மிஷினு வேல செஞ்சிகீது!" என்றார். "தோ பாரு, கரெக்டா காட்டிகீது பாரு," என்று மனைவியிடம் நீட்டினார். அண்ணன் என்னை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த அம்மாள் போனை வாங்கிப் பார்த்தார். "இது என்னிக்கு?"

"முதல்ல வந்தது செவ்வாய்க்கிழமை அக்கா."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "செவ்வாக்கெழம டார்ச்ச எட்த்துகினு வந்தேன்யா. மிஷினு பாக்குது, நீ போன்னு கால இழுத்துகினே." பிறகு என்னைக் கேட்டார். "மிஷினு சொன்னத நீ இன்னாமா பண்ண?"

எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது. "சுத்தம் பண்ணேன்க்கா."

"சுத்தம்," என்றார்.

போனை என் மடியில் வைத்தார். தலைமாட்டுப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து, பட்டப்பகலில், கட்டுப் போடாத மறு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்க்க ஆரம்பித்தார்.