சோக்குக்குப் பொறுப்பு நான்

எங்கள் வேன் கிளம்புவது என் கையில்தான் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா சேரப்பணஞ்சேரி விடுதி ஒன்றிலிருந்து எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் முதல் ஷிப்டுக்கு ஒரகடத்துக் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவார். அம்மாவுக்கு வேறொரு கம்பெனியின் கேண்டீனில் வேலை. நாலரை மணிக்கே பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு என்னை எழுப்பி வேனில் உட்கார வைப்பதற்குள் அப்பாவுக்குப் போதும் போதுமென்றாகிவிடும். அப்படி அழுவேன். ஒருநாள் அவர் சோக் குமிழைக் காட்டி, நான் சாவியைத் திருப்பும்போது நீ இதை இழு என்றார். மறுநாளிலிருந்து என்னை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

சோக் என்பது கார்புரேட்டர் வைத்த எஞ்சினுக்கு உரியது. குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் கிளம்பக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் கேட்கும். குமிழை இழுத்தால் அது கிடைக்கும். நான் கஞ்சத்தனம் பார்க்காமல் இழுப்பேன். பல நாள் எஞ்சின் இருமிவிட்டு அடங்கிவிடும், வேன் முழுக்கப் பெட்ரோல் வாடை அடிக்கும், அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். விடுதிப் பெண்களில் திருநெல்வேலிக்கார அக்கா ஒருத்தி ஏறும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு, “இன்னைக்கும் பாப்பா பெட்ரோல மொண்டு ஊத்திட்டாளா அண்ணாச்சி?” என்பாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆயுதபூஜைக்கு மூன்று நாள் முன்பு ஒரகடம் பாலத்தின் மேல் எஞ்சின் சூடேறி இறுகிப்போனது. பிரித்து வேலை பார்க்கப் பத்து நாளாகும், வேறு எஞ்சின் மாற்றிவிடுங்கள் என்றார் மெக்கானிக். படப்பைப் பக்கம் ஒரு காயலான் கடையில் இரண்டு எஞ்சின்கள் கிடந்தன. ஒன்று எங்களுடையதைப் போலவே கார்புரேட்டர் வைத்தது. மற்றது இன்ஜெக்‌ஷன். எதுவானாலும், பூஜை விடுமுறை முடிந்து கம்பெனி திறக்கும் காலையில் வேன் வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த ரூட் வேறு வேனுக்குப் போய்விடும் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார்.

அம்மாவின் தம்பி ஒரு கார் கம்பெனியில் எஞ்சின் பூட்டும் லைனில் இருந்தார். எங்கள் வீட்டில் அவரை ‘எஞ்சின் செய்கிறவன்’ என்றுதான் பேச்சு. மாமாவும் மறுத்ததில்லை. அன்று சாயங்காலம் சீருடையோடே வந்து உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னார்: “கார்பேட்டர்லாம் அந்தக் காலத்து ஐட்டம் மாமா. இன்ஜெக்‌ஷன் போடு. எவ்ளோ பெட்ரோல் வுடணும்னு கம்ப்யூட்டரே பாத்துக்கும். சாவியத் திருப்புனா போதும், சோக்கே வாணாம்.”

அப்பாவுக்கு மனசில்லை. “நடு ரோட்ல நின்னுபோச்சுன்னா அத்த எவன்டா தொறந்து பாப்பான்? கார்பேட்டர்னா நானே ஊதிட்டுப் போய்க்கினே இருப்பேன்.”

நான் அப்பா கட்சி. அம்மாவும் எங்கள் கட்சி என்று நம்பியிருந்தேன். அவளோ என் பள்ளிக்கூடச் சட்டையில் பெட்ரோல் நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது, தம்பி சொல்வதையே வாங்குங்கள் என்று முடித்துவிட்டாள். எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. மாமாவை அதைவிடவும் பிடிக்காமல் போயிற்று. வல்லக்கோட்டை முருகனிடம், அந்த எஞ்சின் கிளம்பவே கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பூஜைக்கு முந்தின நாள் அப்பாவும் மாமாவும் நானும் காயலான் கடைக்குப் போனோம். மெக்கானிக் பட்டறையைக் கழுவி விடுவதில் மும்முரமாக இருந்ததால் வரவில்லை. மாமா இன்ஜெக்‌ஷன் எஞ்சினைக் குனிந்து பார்த்தார். பெட்ரோல் குழாயைப் பிடித்திருந்த நாலு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயிண்ட் பொட்டு இருந்தது. லைனில் ஒருவர் போல்ட்டை முறுக்கிச் சரிபார்த்ததும் அப்படிப் பொட்டு வைப்பாராம். பொட்டு வைத்ததை அடுத்தவர் திரும்பிப் பார்க்க மாட்டாராம். மாமாவும் பார்க்கவில்லை. “சூப்பரா கீது, தூக்கு” என்றார்.

பட்டறையில் அதை இறக்கியதும் மெக்கானிக் ஒருமுறை சுற்றி வந்தார். ஒரு பக்கம் அறுத்து விட்ட ஒயர் கற்றை தொங்கிக்கொண்டிருந்தது. “எஞ்சின் வந்துச்சு, மூள எங்கப்பா?” என்று கேட்டார். கம்ப்யூட்டர் பெட்டியைத்தான் சொன்னார். கடைக்காரரிடம் போனில் விசாரித்தால், அதை என்றைக்கோ வேறொருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். மாமாவின் முகம் சுருங்கியது. பெட்டியும் ஒயரும் மாட்டுவது வேறு கட்டடத்தில், லைனில் தான் நிற்கும் ஸ்டேஷனுக்கு அது வராது என்றார்.

முருகன் இவ்வளவு சீக்கிரம் காரியத்தை முடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்பா ஓர் ஓரமாகப் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும்தான் பயம் வந்தது. வேண்டுதலை அவசரமாகத் திருத்தினேன். பயத்தை மறைக்கவோ என்னவோ, எல்லார் முன்னாலும் மாமாவைக் கேட்டேன்: “நீ எஞ்சின் செய்யறேன்னு சொன்னதெல்லாம் பொய்யா?”

மெக்கானிக் சிரித்தார். அப்பா என்னை முறைத்தார். மாமா கோபப்படவில்லை.

“நாலு போல்ட்டு பாப்பா. ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல எஞ்சின் வரும், போவும். அதுல அந்த நாலு போல்ட்டு மட்டும்தான் நானு” என்றார்.

கடைக்காரர் நல்லவர், எஞ்சினை மாற்றிக் கொடுத்தார். மாமா பூஜைக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் மெக்கானிக்கோடு சேர்ந்து கார்புரேட்டர் எஞ்சினை ஏற்றினார். கம்பெனி திறந்த அன்று காலை அப்பா சாவியைத் திருப்ப, நான் குமிழை இழுத்தேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது. பின்னால் நின்றிருந்த மாமாவைப் பார்த்து, இப்போது என்ன சொல்கிறாய் என்பது போலத் தலையை ஆட்டினேன். வேன் நேரத்துக்கு வாசலில் நின்றது.

அந்த எஞ்சினில் ஒருநாளும் பெட்ரோல் வாடை வரவில்லை. என் கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான் குமிழை இழுக்கும்போதே அப்பா ஆக்சிலேட்டரை இரண்டு மூன்று முறை மிதித்துக்கொள்வார். அதை அவருடைய புதுப் பழக்கம் என்று விட்டுவிட்டேன். அம்மா பகல் ஷிப்டுக்கு மாறும்வரை, நாலு வருடம், ஒரு காலைகூடத் தவறாமல் இழுத்தேன்.

போன வருடம் வேனை உடைக்கக் கொடுத்தோம். மெக்கானிக் முன் சீட்டைத் தூக்கியபோது நானும் எட்டிப் பார்த்தேன். சோக் குமிழிலிருந்து வந்த கேபிள் கார்புரேட்டர் வரை போகவேயில்லை. பாதி வழியில் ஒழுங்காகச் சுருட்டி, ஒரு கிளிப்பில் திருகி வைக்கப்பட்டிருந்தது. திருகாணியின் தலையில் மஞ்சள் பெயிண்ட் பொட்டு. நம் ஊர் வெயிலுக்குச் சோக்கே தேவைப்படாது, ஆக்சிலேட்டரை இரண்டு மிதி மிதித்தால் போதும், சோக்கை இழுத்து இழுத்துத்தான் பழைய எஞ்சினைத் திணறடித்துக்கொண்டிருந்தாய் என்றார் மெக்கானிக். குமிழையே கழற்றி எறிந்திருக்கலாமே என்றேன். கழற்றினால் நீ எழுந்து வருவாயா, பூட்டிய வீட்டில் உன்னைத் தனியாக விட்டுவிட்டா வண்டி ஓட்டுவது என்று அன்றைக்கே உன் மாமா சொன்னானே என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே நின்று மாமாவுக்குப் போன் செய்து, கேபிளைப் பார்த்துவிட்டேன் என்றேன்.

“மஞ்ச மார்க் இன்னும் கீதா?” என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.