ஹெந்தளையில் வளர்ந்த பொலிக்குதிரை

தடை தாண்டும் போட்டிகளில் என்னைச் சுமந்த பெண்குதிரைக்கு முன்னங்கால் நொந்து, இனிப் போட்டிக்கு ஆகாது என்றானபோது, அவளிடம் ஒரு குட்டி எடுப்போம் என்றது என் கணவர்தான். நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். அவள் நகரத்துக்கு வடக்கே ஹெந்தளையில், ஒரு தென்னங்காணியின் மூலையில் வாடகைக்கு எடுத்த லாயத்தில் நின்றாள். அந்த நாட்களில் கொழும்பில் தெரிந்த ஒருவரிடம் ஜெர்மன் வம்சத்துப் பொலிக்குதிரை ஒன்று இருந்தது. அதனுடன் சேர்த்தோம்.

மழை தூறிய ஒரு காலையில் ஆண் குட்டி பிறந்தது. எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பிப் பால் தேடியது. கணவரின் கண்கள் கலங்கியிருந்தன.

"இவனைக் காயடிக்கக் கூடாதப்பா. பொலிக்குதிரையாத்தான் நிக்க வேணும். இவனால இஞ்ச ஒரு வம்சம் உண்டாகும்," என்றார்.

எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது.

குட்டி பால் மறந்த கையோடு அவருக்கு டோஹாவில் வேலை கிடைத்தது. கொஞ்சக் காலம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். குட்டி என் பொறுப்பானது.

இரண்டு வயது தாண்டியதும் அவன் மாறினான். தாயின் வாடை பட்டாலே மேலுதட்டைச் சுருட்டிக் கொண்டு கதவை உதைத்தான். தாயை வேறொரு லாயத்துக்கு மாற்றினோம். வேலியில் பலகைக்கு மேல் பலகை அடித்து உயர்த்தினோம். கூட்டத்தோடு வாழ வேண்டிய பிராணி, நாள் முழுக்கத் தனியே நின்றது. நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. அதை நான் பார்க்காதது போல வாளியைக் கழுவுவேன்.

குதிரையைப் பராமரித்தவர் நுவரெலியாவிலிருந்து வந்தவர். ஒருநாள் தீனி வைக்கப் போனவரின் தோளை அவன் கவ்விப் பிடித்து உதறிவிட்டான். கட்டுப் போட்ட தோளோடு அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"புல்லு வெட்டித் தாறேங்கம்மா, லாயம் கழுவுறேன். ஆனா அவன் உள்ள நிக்கிறப்போ நான் போகமாட்டேன்."

அவரை எப்படிக் குறை சொல்வது? அன்றிலிருந்து காலையும் மாலையும் நானே போனேன். காலி வீதி நெரிசலைக் கடந்து, நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும். வேலையை விட்டேன். அவன் என் கையை மட்டும் நம்பினான். முதலில் அது பெருமையாக இருந்தது. பிறகு, கார்க் கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நிற்பேன்.

தங்கையின் மகளுக்கு லண்டனில் கல்யாணம் வந்தது.

"ஒரு கிழமைக்கும் வரேலாதா அக்கா? ஒரு குதிரைக்காகவா?" என்று தங்கை கேட்டாள்.

வீடியோவில்தான் தாலி கட்டுவதைப் பார்த்தேன், லாயத்துக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்துகொண்டு.

வெளிநாட்டிலிருந்து ஒரு பயிற்சியாளர் கொழும்புக்கு வந்திருந்தார். அவரை ஹெந்தளைக்கு அழைத்துப்போய், யாரும் ஏறாமல் அவனைத் தடை தாண்ட விட்டோம். முழங்கால்களை மார்போடு மடித்து அவன் எழும்பியபோது என் உடம்பு சிலிர்த்தது. அவரும் பாராட்டினார். பிறகு, இவனிடம் குட்டி எடுக்க இங்கே எத்தனை பெண்குதிரைகள் இருக்கின்றன என்று கேட்டார். அதுவரை ஒருவரும் தங்கள் பெண்குதிரைக்கு அவனைக் கேட்டு வந்ததில்லை. நான் அதைச் சொல்லாமல் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அன்று மாலை ஃபோனில் கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், காயடித்துவிடுவோம் என்பதையும்.

"இன்னும் ஒரு வருஷம் பாப்பமப்பா," என்றார்.

"நான்தான் பாக்கிறன். நீங்கள் போனில பாக்கிறியள். வந்து அவனுக்கு முன்னால நிண்டு சொல்லுங்கோ."

லீவில் வந்தார். வந்த மறுநாளே போனோம். சின்ன வயதில் கூப்பிட்டது போல நாக்கைச் சொடுக்கியபடி வேலியோரம் போனார். அவன் காதைப் பின்னால் மடித்து, பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்து வந்தான். பலகை அதிர்ந்தது. கணவர் பின்வாங்கிச் சேற்றில் விழுந்தார்.

"என்னை மறந்திட்டான்," என்றார், எழும்பாமலே.

"மறக்கேல்லை. அவனுக்கு உங்களைத் தெரியாது."

காரில் திரும்பும்போது, வத்தளை தாண்டியதும் அவர் கேட்டார்.

"வேற வழி இல்லையோ?"

"எனக்கு இல்லை," என்றேன்.

அடுத்த கிழமை மிருக வைத்தியர் வந்து அவனைக் காயடித்தார். மயக்கத்தில் கிடந்தவனின் தலையைக் கணவர் மடியில் வைத்திருந்தார். அவர் அழுததை வைத்தியரும் பார்த்தார்.

கணவர் திரும்பவும் டோஹாவுக்குப் போனார். சில மாதங்களில் குதிரை அடங்கியது. தாயைக் கொண்டுவந்து கூட விட்டோம். இரண்டும் தலைமாறி நின்று ஒன்றுக்கொன்று வாலால் ஈ விரட்டின. நுவரெலியாக்காரர் முதலில் கையை மட்டும் உள்ளே நீட்டினார். பிறகு தானும் உள்ளே போனார்.

ஒரு காலை நான் புறப்படும் நேரத்தில் அவர் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"நீங்க இன்னிக்கு வராட்டியும் பரவாயில்லீங்கம்மா. என் கையிலயே திங்கிறான்."

நல்லது என்றேன். சாவியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தேன். கீழே காலி வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடித்தபடி போய்க்கொண்டிருந்தன. எழும்பி எங்கேயாவது போகலாம். எங்கே என்றுதான் தெரியவில்லை.