விழுப்புரத்தில் குடித்தான், திண்டிவனத்தில் தப்பித்தான்

இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படங்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் போன மாதம் நாலு வரி எழுதினாலும் எழுதினேன், பின்னூட்டத்தில் ஒரே அடிதடி. அதிகம் பேர் பார்க்காத ஒரு படத்தை வைத்து இரண்டு கட்சி கட்டிவிட்டீர்கள். ஒரு கட்சிக்கு அது மகா அறுவை, இன்னொரு கட்சிக்கு அதைப்போல் இன்னொரு படம் பிறக்கவே இல்லை. பெயரை நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் மறுபடி ஆரம்பித்துவிடுவீர்கள். அந்தப் படத்தைப் பார்ப்பதற்கென்றே எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போய், அங்கிருந்து திண்டிவனமும் போய்த் திரும்பியவன் நான். சந்தோஷமான பயணம் இல்லை. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும் விவரங்கள் நடுநடுவே வரும்.

குபேந்திரன் சென்னையில் பாலிடெக்னிக் படித்தபோது என் அறைத் தோழன். திண்டிவனத்துக்கு மேற்கே ஆறு கிலோமீட்டரில் அவன் ஊர். சொந்த நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் கௌபாய் படப் பைத்தியம். சாப்பாட்டுக்கு இல்லாவிட்டாலும் டிக்கெட்டுக்கு இருக்கும். படிப்பு முடிந்ததும் அவன் ஊருக்குப் போய் அப்பாவோடு விவசாயம் பார்க்கத் தொடங்கினான். ஒரு மாசி மாதம், பயிருக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டான். இருபத்து நாலு வயது.

எட்டாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். விழுப்புரத்திலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் பந்தலில் உட்கார்ந்துகொண்டு, "சாவுறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாலதான் திண்டிவனத்துல அந்தக் குதிரைப் படம் பார்த்திருக்கான். நான் எங்க ஊர்ல அதுக்கு முன்னயே பார்த்துட்டேன். கடைசியில அந்தாளு வெசத்தைக் குடிச்சித்தான் சாவுறான். அதைப் பார்த்துட்டு வந்துதான் இவனும்..." என்றார். பந்தலே அதைப் பிடித்துக்கொண்டது. எல்லோரையும்விட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டவர் குபேந்திரனின் அப்பா பெரியசாமி.

கிளம்பும்போது அவர் என் கையை விடவில்லை. "நீயும் அவனும்தானே இந்தப் படமா பார்த்துக்கினு இருந்தீங்க. நீ ஒரு தபா பார்த்துட்டு வந்து சொல்லுப்பா. மெய்யாலுமே குடிக்கிறானா? எனக்குத் தெரிஞ்சாவணும்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. மகன் போய்ப் பதினாறு நாள்கூட ஆகவில்லை, சினிமாவைப் பற்றி விசாரிக்கிறாரே என்று. அவர் கண்ணைப் பார்த்ததும் கோபம் போய்ப் பயம் வந்தது. ஒரு வாரமாகச் சோறு இறங்காத முகம். குற்றம் அந்தப் படத்தின் மேல் இருந்தால் இந்த மனுஷன் பிழைத்துக்கொள்வார், இல்லையென்றால் தாங்க மாட்டார் என்பது எனக்கே தெரிந்தது. ஏன் அப்படி என்பது மட்டும் அப்போது தெரியவில்லை. பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சித்திரையில் அதே படம் விழுப்புரத்துக்குத் திரும்பவும் காலைக் காட்சியாக வருகிறது என்று கேள்விப்பட்டேன். ஞாயிறு விடிவதற்குள் எழும்பூரில் பாசஞ்சர் பிடித்தேன். நூற்று அறுபது கிலோமீட்டர், மீட்டர் கேஜ், எல்லா ஸ்டேஷனிலும் நின்று பெருமூச்சு விட்டுத்தான் கிளம்பும். பத்து மணிக்கு விழுப்புரம். பிளாட்பாரத்தில் நாலு இட்லி தின்றுவிட்டு நடந்தால் தியேட்டர் பத்து நிமிஷம். பெஞ்சு டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். மூட்டைப்பூச்சி இலவசம்.

படத்தின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. உப்பு வெட்டுகிற ஒரு ஊர். அந்த ஊரின் ஒரே கிணற்றை வளைத்துப் போட்டிருக்கும் நாலு அண்ணன் தம்பிகள். வண்டியோட்டியாக வரும் கதாநாயகன் ஒரு மணி நேரம் வாயையும் திறப்பதில்லை, துப்பாக்கியையும் எடுப்பதில்லை. பிறகு நாலு பேரையும் சுட்டுவிட்டுக் குதிரையேறி மலைப்பக்கம் போகிறான். வெள்ளை வெயிலில் புழுதி கிளம்ப, இசை ஏறுகிறது. படம் முடிந்தது என்று நான் எழுந்தே விட்டேன். முடியவில்லை, இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. வழியில் ஒரு சத்திரம். அதை நடத்துகிற கிழவி, அவன் சுட்டவர்களில் ஒருவனைப் பெற்றவள். அவள் ஒரு குவளையைக் கொண்டுவந்து வைக்கிறாள். அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு எடுத்துக் குடித்துவிடுகிறான்.

அந்த நிமிஷம் தியேட்டரில் விசிலும் வசவும் ஒன்றாகக் கிளம்பின. வெளியே வந்தும் ஓயவில்லை. லுங்கி கட்டிய ஒருவர், "இன்னா படம்யா இது? குதிரை தண்ணி குடிக்கிறதையே பாதிப் படம் காட்டிக்கினு இருக்கான். நாலு பேரைச் சுட்டவனுக்கு ஒரு கெழவியைச் சமாளிக்கத் தெரியலியா? பேஜாரு!" என்று கத்தினார். பாபு என்ற டெய்லர் விடவில்லை. "யோவ், அவ கண்ணைப் பார்த்துக்கினே குடிக்கிறான் பாரு, அதுக்கே இன்னொரு டிக்கெட்டு எடுக்கலாம். உனுக்கு டிஷ்யூம் டிஷ்யூம் இருந்தாப் போதும்." போன தடவை இந்த முடிவுக்காக நாற்காலியைக் கிழித்தார்கள் என்றும் பாபுதான் சொன்னார். வேறு ஒரு நாளாக இருந்தால் நானும் ஒரு கட்சி சேர்ந்திருப்பேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். மூன்று ரூபாய்ச் சொச்சம் டிக்கெட், ஒரு மணி நேரம் என்பார்கள். முண்டியம்பாக்கத்தில் கரும்பு வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றதால் எனக்கு ஒன்றே முக்கால் மணி ஆனது. "ஜல்தி போவணும்னா எறங்கி நடங்க சார்," என்றார் கண்டக்டர். குடித்தான் என்று சொல்லிவிடலாம், வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

திண்டிவனம் தியேட்டருக்கு எதிரே டீ குடிக்க நின்றேன். பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜான், முன்பு குபேந்திரனோடு வந்தபோது பார்த்ததை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். குபேந்திரனின் சினிமாக் கூட்டாளி, அவன் இந்தப் படத்தைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். படத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்தது.

"பினிஷிங் எப்பிடி? சூப்பர் இல்ல? முன்னால கொஞ்சம் தூங்க வச்சிட்டான், ஆனா நாலு பேரையும் போட்டுட்டு மலைப்பக்கம் போனான் பாருங்க! குபேந்திரன் சீட்டு மேலயே ஏறி நின்னுட்டான்."

"அதுக்கப்புறம் சத்திரத்துல விஷம் குடிக்கிறானே?"

"எந்தச் சத்திரம்?"

நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. எழுந்து தியேட்டருக்குள் போய்ப் படம் ஓட்டுகிறவரிடம் கேட்டுவிட்டு வந்தார். விழுப்புரத்தில் நாற்காலி கிழிந்த சேதியைக் கேட்டு, இங்கே கடைசி ரீலைப் போடாமலே நிறுத்திவிட்டார்களாம். குதிரை மலைப்பக்கம் போனதோடு சரி.

"எங்களுக்கு அது வரவே இல்லீங்க," என்றார் ஜான். பிறகு அவரே சொன்னார். "படம் பார்த்த மறுநாள் மல்லாட்டை மண்டியில இன்னா நடந்துச்சுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலியா? வெல கம்மியாக் கேட்டாங்கன்னு குபேந்திரன் மூட்டையைத் திரும்பவும் வண்டியில ஏத்திட்டான். தர மாட்டேன்னுட்டான். அவங்க அப்பா அத்தினி யாவாரிங்க முன்னால செருப்பைக் கழட்டி அடிச்சாரு. நானே பார்த்தேன். அதுக்கு மறுநாள்தான் அவன்..."

டீ ஆறிப்போய்விட்டது. வந்த வழியே திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று டவுன் பஸ் ஏறினேன்.

பெரியசாமி களத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் எழ முயன்று முடியாமல் உட்கார்ந்தார். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"குடிச்சானா?"

வாசலில் குபேந்திரனின் அம்மா அஞ்சலை முறத்தோடு நின்றிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"குடிச்சான்பா. முழுசாக் குடிச்சான்."

அவர் மூச்சை விட்டார். கண்ணைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "கேட்டியா? நான் சொன்னேன் இல்ல? அந்தப் படம்தான். படம்தான் புள்ளையக் கொன்னுச்சு." பிறகு, "இந்தப் புள்ளைக்குச் சோறு போடு. எனக்கும் போடு," என்றார். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். எனக்குத்தான் இறங்கவில்லை.

பஸ் நிற்கும் இடம் வரை அம்மா கூடவே வந்தார். சாலை வந்ததும் நின்றார்.

"அன்னிக்குப் படம் பார்த்துட்டு வந்து ஊட்டுக்குள்ள குதிரை மாதிரி ஓடிக் காட்டினான்பா. நாலு பேரையும் சுட்டுட்டு அந்தாளு மலைப்பக்கம் போயிட்டான், எவனாலயும் புடிக்க முடியலைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். வெசம்னு ஒரு வார்த்தை சொல்லல."

"அப்போ நீங்க அப்பாகிட்ட சொல்லலியாம்மா?"

"ஒருத்தனை அனுப்பிட்டேன். இவரையும் அனுப்பச் சொல்றியா?" என்றார். பஸ் வருவதைப் பார்த்துக் கையை நீட்டி அவரே நிறுத்தினார். "நீ சொன்னதே இருக்கட்டும், ஏறுப்பா."

அதற்குப் பிறகு பெரியசாமி பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். அம்மா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான் சொன்னது சரியா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் உபதேசம் செய்ய வேண்டாம்.

போகிறவர்களுக்கு: இரண்டு தியேட்டரும் இப்போது இல்லை, தேடி அலையாதீர்கள். ரயிலும் அகலப் பாதையாகி வேகம் கூடிவிட்டது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ்ஸே வசதி. கரும்பு வெட்டும் காலத்தில் அரை மணி கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். துக்க வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் ஊருக்குக் கடைசி பஸ் எப்போது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், சீக்கிரம் கிளம்ப அது உதவும்.

படத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பத்து நிமிஷம்தான் அந்தப் படத்தின் உயிர் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அது உண்மையும்கூட. இப்போது முழுப் படமும் குறுந்தட்டில் கிடைக்கிறது, நானும் வாங்கி வைத்திருக்கிறேன். குதிரை மலைப்பக்கம் திரும்பியதும் நிறுத்திவிடுவேன். குபேந்திரன் பார்த்த படம் அதோடு முடிகிறது.