இடது புருவத்துத் தழும்பு

பூட்டுக்காரரைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததே இல்லை. அவர் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். சாவியைத் தொலைத்துவிட்டுப் பதறி ஓடி வருகிறவர்கள், "என் வீடுதாங்க, இதோ பத்திரம்" என்று காகிதத்தை நீட்டினால் அதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். நேரே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இவங்க யாருன்னு தெரியுமா?" என்று கேட்பார். வந்தவர் காட்டுக்கத்தல் கத்துவார். மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே!

அந்த மனுஷனே இடிந்து உட்கார்ந்தது, அவர் தம்பி காணாமல் போனபோதுதான். சின்னவன் ஆள்தான் வளர்ந்தவன், மனசு குழந்தை. பால் வாங்கி வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. வீட்டிலிருந்த ஒரே படம் பழையது. அதற்குப் பிறகு விழுந்து புருவத்தில் பட்ட காயத்தின் தழும்பு அதில் இல்லை. அதனால் அங்க அடையாளங்களைப் பூட்டுக்காரரே எழுதித் தந்தார். என் மெஷினில் நோட்டீஸ் அடித்து ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டினோம்.

இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒருநாள் தபாலில் ஒரு கவர் வந்தது. பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் பெயர், சின்னம், வட்ட முத்திரை எல்லாம் கச்சிதம். 'பெயர் சொல்லத் தெரியாத நோயாளி. நீலச் சட்டை, திக்குவாய், இடது புருவத்தில் தழும்பு. இவரை ஒப்படைக்க அண்ணனின் பிறந்த தேதி, அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு எண், கையெழுத்து மாதிரி ஆகியவை வெள்ளிக்கிழமைக்குள் கீழ்க்கண்ட தபால் பெட்டிக்கு வந்து சேர வேண்டும். தவறினால் நோயாளி வெளியூர்க் காப்பகத்துக்கு மாற்றப்படுவார்.'

அண்ணி, அதாவது பூட்டுக்காரர் மனைவி, தலைமுடியைக்கூட முடியாமல் என் கடைக்கு ஓடி வந்தாள். "கிடைச்சுட்டாம்மா! சீக்கிரம் நகல் எடு!"

அட்டையை வாங்கிக் கண்ணாடிமேல் வைத்தேன். பின்னாலேயே வந்த பூட்டுக்காரர் மூடியைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"இரு. ஆஸ்பத்திரிக்கு எதுக்கு என் பேங்க் நம்பரு?"

"எதுக்கோ கேக்குறாங்க, குடுத்துத் தொலைங்களேன்! சின்னவனைவிட அது பெருசா?" அண்ணி அழுதுகொண்டே கத்தினாள். "நாளைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமைங்க. எந்த ஊருக்கோ தள்ளிட்டாங்கன்னா எங்க போய்த் தேடுவீங்க?"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே, உங்க தொழில் புத்தியை இதுலயுமா காட்டுவீங்க? சந்தேகம்னா அதுலயே போன் நம்பர் இருக்கு, பேசிக் கேளுங்க."

"அதை எடுக்குறவனும் இதே ஆளாத்தானே இருப்பான்? பக்கத்து வீட்டைக் கேக்கணும்மா."

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்றை யாரோ என் கடையில் மறந்து விட்டுப் போயிருந்தார்கள். அதன் தலைப்பில் இருந்த எண்ணைப் போட்டோம். யார் யாருக்கோ மாற்றிவிட்டார்கள். அண்ணி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. கடைசியில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது: "எல்லா வார்டும் பாத்துட்டேங்க, அப்படி யாருமே இல்ல. நாங்க தபால்ல பேங்க் விவரம் கேக்கறதும் இல்ல. எதுவும் அனுப்பிடாதீங்க, போலீஸ்ல சொல்லுங்க."

"பொய்!" என்றாள் அண்ணி. "அவனைப் பாக்காமலா நீலச் சட்டைன்னு எழுதுவான்? தழும்பு இருக்குன்னு எழுதுவான்?"

பூட்டுக்காரர் கடிதத்தை மறுபடி படித்தார். ஒரு வரியில் விரலை நிறுத்தினார்.

"தழும்பு வலது பக்கம்," என்றார். "நான்தான் தப்பா எழுதிட்டேன். பூட்டுக்கு நேரா நின்னே பழகின புத்தி. அவனையும் எதிர்ல நிக்க வெச்சு நெனச்சேன். என் இடது கைப்பக்கம் தெரிஞ்சுச்சு, இடதுன்னு எழுதிட்டேன்."

மிச்சமிருந்த நோட்டீஸை எடுத்துக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தேன். நீலச் சட்டை, திக்குவாய், இடது புருவம். வரிசைகூட மாறவில்லை. படுபாவிகள் பார்த்தது சின்னவனை இல்லை, எங்கள் சுவரை.

"அப்போ அவன் கிடைக்கலையா?" என்று கேட்டபடி அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடிதத்தைப் போலீஸில் கொடுத்துவிட்டு வந்தவர், இன்னும் நூறு நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். "வலதுன்னு மாத்திடட்டுமாண்ணே?" என்று கேட்டேன்.

"வேணாம், அப்படியே கிடக்கட்டும். நெசமாவே அவனைப் பாத்தவன் வந்து, 'யோவ், கூடப் பொறந்தவன் மூஞ்சிகூடத் தெரியாதா உனக்கு'ன்னு திட்டுவான்ல? அந்தத் திட்டு வாங்கணும்மா நான்."

அன்றிலிருந்து அவர் போன் அடித்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் அரத்தின் சத்தம் நின்றுவிடும். நானும் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். "தழும்பு எந்தப் பக்கம்ங்க?" என்றுதான் முதலில் கேட்பார். இதுவரை பேசியவர்கள் எல்லோரும் இடது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.