காற்றுக்காரிக்கு இரண்டு ஊக்கு

சிறுவர் சித்திரக்கதைப் பத்திரிகை ஒன்றில் பன்னிரண்டு வருடமாக வண்ணம் தீட்டுகிறவரை எல்லோரும் கலரக்கா என்பார்கள். அவர் தீட்டிய வானங்களை வரிசையாக ஒட்டினால் ஒரு பள்ளி மைதானத்தை மூடிவிடலாம். அந்த வானங்களில் எத்தனையோ பேர் பறந்திருக்கிறார்கள். கலரக்கா மட்டும் லிஃப்டில் ஏறமாட்டார். மூன்றாவது மாடிக்குப் படியில்தான் வருவார், அதுவும் சுவரோரமாக. பஸ் மேம்பாலத்தில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். அவர் தீட்டிய பள்ளங்களைப் பார்த்துத் தலை சுற்றுவதாக வாசகர்களிடமிருந்து கடிதம் வரும். பயப்படத் தெரிந்தவர் தீட்டினால்தான் பள்ளம் ஆழமாக வரும் போலிருக்கிறது.

அந்த வருடம் பத்திரிகைக்குப் புதிய நாயகி வந்தாள். பெயர் காற்றுக்காரி. வயது பதினாறு, முஸ்லிம் பெண், கணக்கில் சுமார், காற்றின் மேல் கால் வைத்து நடக்கக்கூடியவள். ஹிஜாப் அணிந்த நாயகி அந்தப் பத்திரிகையில் அதுவரை வந்ததில்லை. கலரக்காவும் ஹிஜாப் அணிகிறவர். அவருடைய அக்கா மகளும் அப்படித்தான். பதினாறு வயது, பள்ளியில் உயரம் தாண்டுகிறவள். செய்தி கேட்ட நாளிலிருந்து அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "சின்னம்மா, அவ என்னை மாதிரியே இருப்பாளா?"

"அச்சு அசல் நீயேதான்" என்று சின்னம்மா வாக்குக் கொடுத்துவிட்டார், படங்கள் கைக்கு வருவதற்கு முன்பே.

படங்கள் வந்தன. கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே படம். கோபுர உச்சியிலிருந்து காற்றுக்காரி குதிக்கிறாள். ஹிஜாப் அவிழ்ந்து தோளில் கிடக்கிறது. கூந்தல் பாதி வானத்தை மறைக்கிறது. ஓவியருக்கு அந்தக் கூந்தலுக்கே இரண்டு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை அச்சுக்குப் போயாக வேண்டும். கலரக்கா மற்றப் பக்கங்களை எல்லாம் முடித்தார். அந்தப் பக்கத்தைத் தொடவில்லை.

ஓவியர் வந்து நின்றார். நல்ல கைகாரர், அது அவருக்கும் தெரியும். தலையில் எப்போதும் ஒரு தொப்பி.

"என்னக்கா, பக்கம் வெள்ளையா கிடக்கு?"

"இது அவிழாது தம்பி."

"புயல்ல குதிக்கிறாக்கா. எப்படி அவிழாம இருக்கும்?"

"உள்ள ஒரு துணிக்குல்லா. தாடைக்குக் கீழ ஒரு ஊக்கு, உச்சில ஒரு ஊக்கு. எங்கக்கா பொண்ணு அப்படித்தான் தாண்டுறா. கம்பு விழுந்திருக்கு, இது விழுந்ததில்ல."

"புயலப் பத்தி உங்களுக்கு என்னக்கா தெரியும்? பஸ்ல போறவங்க நீங்க."

"ஜன்னல் சீட்லதான் போறேன்."

அறையே சிரித்தது, ஆசிரியரைத் தவிர. அச்சகத்திலிருந்து அவருக்கு இரண்டு முறை போன் வந்திருந்தது. "இங்க பாரும்மா, வரையறது அவர் வேலை, கலர் குடுக்கிறது உன் வேலை. முடியலன்னா சொல்லு, வேற ஆளுகிட்ட குடுக்குறேன். அப்புறம் அடுத்த மாசமும் அவங்ககிட்டயேதான் குடுக்க வேண்டி வரும்."

வேலை போவது பெரிய விஷயம்தான். ஆனால், 'இவளுக்குக் கட்டவே தெரியலயே சின்னம்மா' என்று அக்கா மகள் புத்தகத்தை மூடி வைப்பது அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது கலரக்காவுக்கு.

"மொட்டை மாடிக்கு வாங்க" என்றார்.

ஏழு மாடிக் கட்டடம். பன்னிரண்டு வருடத்தில் அவர் நான்காவது மாடியைக்கூடப் பார்த்ததில்லை. காற்று ஆளைத் தள்ளிய மாதம் அது. முந்தின நாள்தான் எதிர்க்கடைப் பெயர்ப்பலகை பிய்ந்து போயிருந்தது. கலரக்கா சுவரைத் தடவிக்கொண்டே படியேறினார். பின்னால் ஓவியர், ஆசிரியர், வேடிக்கை பார்க்க அலுவலகத்தில் கூட வேலை செய்கிற நாங்கள். மாடியோடு நின்றுவிடுவார் என்று நினைத்தோம். அவர் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியைப் பிடித்தார். ஒவ்வொரு படிக்கும் உதடு ஏதோ ஓதியது.

மேலே போய்க் கைப்பிடியை இறுகப் பற்றி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஹிஜாபின் நுனி சவுக்குப் போல் படபடத்தது. அதற்கு மேல் எதுவும் அசையவில்லை. ஒரு முடிகூட வெளியே வரவில்லை. வெளியே போனது ஓவியரின் தொப்பிதான். மூன்று தெருவைத் தாண்டிப் போயிற்று.

"நீயும் ஒரு ஊக்கு போட்டிருக்கலாம்ப்பா" என்றார் ஆசிரியர். பிறகு மேலே பார்த்து, "போதும்மா, இறங்கு" என்றார்.

கலரக்கா இறங்கவில்லை. கண்ணைத் திறந்தார். கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தார். கொஞ்சம் பொறுத்து மற்றதையும். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முழங்கால் நடுங்குவது கீழே நின்ற எங்களுக்கே தெரிந்தது. முகத்தில் நடுக்கமே இல்லை. காற்றுக்குள் கைகளை விரித்து, ஊர் முடிந்து வானம் தொடங்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேலி பேசியே பிழைக்கிற கூட்டம் நாங்கள். அன்று எல்லோரும் அண்ணாந்து அவரையே பார்த்தோம்.

"தம்பி," என்றார் மேலிருந்தே, "நான் இத்தனை நாளா குடுத்த நீலம் தப்பு."

ஓவியர் படியிறங்கி ஓடினார். மாலைக்குள் புதுப் பக்கம் வந்தது. கோபுர விளிம்பில் காற்றுக்காரி: இரண்டு ஊக்கு, விரித்த கைகள், நடுங்கும் முழங்கால். கலரக்கா அடிவானத்தில் வெளிறி, மேலே போகப் போக அடர்ந்து கறுக்கும் ஒரு வானத்தை அதற்குக் கொடுத்தார். அப்படி ஒரு வானத்தை நாங்கள் அச்சிட்டதே இல்லை. அடுத்த மாதமும் வேலை அவரிடமேதான் வந்தது.

புத்தகம் வந்ததும் அக்கா மகள் கடைசிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாளாம்.

"ரெண்டு ஊக்கும் கரெக்டா இருக்கு சின்னம்மா. ஆனா இவ கால் ஏன் நடுங்குது? எனக்கு நடுங்காதே."

"கால் வேற ஆளோடது" என்றிருக்கிறார் கலரக்கா.