நாராயணம்மாவின் பத்து விரல்

ஓசூர் கடிகாரத் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து நாராயணம்மா வீட்டில் மிளகாய் அரைத்ததில்லை, களி கிண்டியதில்லை, மாட்டுக்குப் புல் அறுத்ததில்லை. சானமாவுப் பக்கத்து ஊரில் இப்படி ஒரு பெண் இருந்தால் சும்மா விடுவார்களா? "மகாராணி கையி, தொட்டில்ல போட்டுத் தாலாட்டணும்" என்று அக்கம்பக்கத்தில் ஒரே கேலி. அவள் கண்டுகொள்ள மாட்டாள். அவள் வேலை அப்படி. கடிகாரத்துக்குள் மூன்று பல்சக்கரங்களை நிறுத்தி, மேலே தகட்டை மூடும்போது மூன்றின் அச்சு முனையும் அதனதன் துளையில் இறங்க வேண்டும். எறும்புக் கால் அளவு முனை. கை கொஞ்சம் தடுமாறினாலும் முறிந்துவிடும். லைனில் உட்காரும் பெண்கள் எல்லோருமே கையைப் பேணுகிறவர்கள்தான். நாராயணம்மா ஒரு படி அதிகம்.

எண்பத்தெட்டாம் வருஷம் கார்த்திகை முடிகிற சமயத்தில் ஐந்து பெண்களை ஆறு வாரப் பயிற்சிக்கு ஸ்விட்சர்லாந்து அனுப்பினார்கள். கடைசி வாரம் திங்கட்கிழமை ஒரு பரீட்சை. அதில் முதலாவதாக வருகிறவள் ஓசூர் திரும்பியதும் லைனை மேய்க்கிற செட் லீடர். ஐவரில் ஒருத்தியாக நாராயணம்மா விமானம் ஏறுவதைக் கேட்டு ஊரே வாயைப் பிளந்தது. அப்பன் ராமப்பனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. "லீடரு ஆயிட்டா ரெண்டு வருசம் கண்ணாலப் பேச்சு எடுக்க மாட்டன். ஆவலைன்னா மாசியில உன் மாமன் மவனுக்கே கட்டிக் குடுத்துடுவன்" என்றார். மாமன் மகன் கெட்டவன் இல்லை. கட்டிக்கொண்டால் வேலையை விட வேண்டும் என்பது மட்டும் அவன் போட்ட நிபந்தனை. அப்பன் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லி நாராயணம்மாவுக்குப் பழக்கமில்லை. பரீட்சையே சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முதல் நாள், பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஆஞ்சப்பன் வீடு தேடி வந்து வலது கையை நீட்டினார். இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன. "பனி தின்னுட்டுச்சும்மா. வலிக்கவே வலிக்காது. மரத்துப் போயிரும், அவ்வளவுதான். நீ சூதானமா இருந்துக்க." நல்லதுக்குத்தான் சொன்னார். நல்லது சொல்ல வருகிறவர்களால் ஆகிற கேடு கொஞ்சநஞ்சமல்ல.

பரீட்சைக்கு முந்தின சனி ஞாயிறு மலைக்குப் போய்விட்டு வரலாம் என்று கிளப்பிவிட்டவள் ஐவரில் ஒருத்தியான சுக்ரா. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் வேலை பார்க்கும் குலாம் முகம்மதுவின் மகள். அவள் இருக்கிற இடத்தில் பேச்சுச் சத்தம் ஓயாது. ரயில் ஏறியதிலிருந்து பாட்டும் கும்மாளமும்தான். எதிர் சீட்டுக் கிழவருக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்து, அவர் கண்ணில் தண்ணீர் வந்ததும் மற்ற நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாராயணம்மா இரண்டு ஜோடி கையுறைக்குள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவதும் நீட்டுவதுமாக உட்கார்ந்திருந்தாள். வலிக்கிறதா என்று பார்த்தாள். வலிக்கவில்லை. ஆஞ்சப்பனும் அதைத்தானே சொன்னார் என்று மறுபடி முதல் விரலிலிருந்து மடக்க ஆரம்பித்தாள்.

மலையில் முழங்கால் அளவு பனி. நால்வரும் அதில் புரண்டார்கள், சறுக்கினார்கள், அள்ளி ஒருத்தி முதுகில் ஒருத்தி கொட்டினார்கள். நாராயணம்மா கோட்டுப் பைக்குள் கைகளைத் திணித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். ஒரு இடத்தில் நிற்கவும் முடியவில்லை. அங்கிருந்த டீக்கடைக்குள் போவாள், கணப்பருகே நிற்பாள், வெளியே வருவாள், மறுபடி உள்ளே போவாள்.

"கையை வெளிய எடுடி" என்றாள் சுக்ரா.

"நாளன்னிக்குப் பரீட்சை."

"எனக்குந்தான் பரீட்சை."

"உனக்கு மாசியில கண்ணாலம் வெச்சிருக்குதா?"

சுக்ரா அவள் கோட்டுக் காலரை இழுத்து மூடிவிட்டாள். கொஞ்ச நேரம் கூடவே நின்றாள். அப்புறம் மற்றவர்கள் கூப்பிட, ஓடிவிட்டாள். ஞாயிறும் அப்படியே போனது. அந்த இரண்டு நாளும் நாராயணம்மா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவுமில்லை. விரல் மட்டும் பத்தும் பத்திரமாகத் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை பயிற்சி தருகிற அம்மாள் ஆளுக்குப் பத்துக் கடிகாரம் வைத்தாள். சுக்ராவின் விரல்கள் சிவந்து, நுனியில் தோல் உரிந்திருந்தன. அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பத்தையும் மூடி முடித்தாள். நாராயணம்மாவுக்கு முதல் மூன்றும் சரியாக இறங்கின. நான்காவதில் தகடு கோணலாக இறங்கியது. தூக்கமில்லாத கை, பயந்த கை, வேறென்ன செய்யும்? ஒரு முனை முறிந்தது. அதைப் பார்த்த பயத்தில் ஏழாவதிலும் ஒன்று முறிந்தது. சுக்ரா முதலாவது. நாராயணம்மா நான்காவது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் கோட்டுகூடப் போடாமல் பின்பக்க முற்றத்துக்கு வந்தாள். மதிலோரம் பனி குவிந்து கிடந்தது. ஆஞ்சப்பன் மேல் கோபம் வந்தது, அப்பன் மேல் வந்தது, சுக்ரா மேல்கூட வந்தது. எல்லாவற்றையும்விடத் தன் மேல்தான் அதிகம். அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயந்துகொண்டு அல்லவா இந்தப் பத்து விரலையும் பொத்திப் பொத்தி வைத்தோம் என்று நினைத்தாள். இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை பனிக்குள் விட்டாள்.

தேடிக்கொண்டு வந்த சுக்ரா பதறிப்போனாள். "உள்ள வாடி. விரலு போயிரும்."

"போவாது. சுடுது."

"எம்மேல கோவமா?"

"இருந்துச்சு." நாராயணம்மா குனிந்தபடியே பேசினாள். "ஊருக்குப் போனதும் எங்கப்பங்கிட்ட சொல்லப் போறன். மாசியில வேணாம்னு. வேலைய விட மாட்டன்னு."

"நீதான் லீடரு ஆவலியே, ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்க மாட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறமும் சொல்லுவன்" என்று நிமிர்ந்த நாராயணம்மா, இரண்டு கையிலும் அள்ளியதை லீடரம்மாவின் முகத்திலேயே அப்பினாள்.